வாய்க்கு வராத எழுவாய்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசற்காட்டில் சம்சாரிகள் பேசிக்கொள்ளும் சாதாரணப் பேச்சிலேயே, மொழியியலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் ஒரு சூட்சுமம் பொதிந்திருக்கிறது. "தம்பி அண்ணனிடம் பருத்திக்குக் காவல் இருக்கச் சொன்னான்" என்றால் காவல் இருக்க வேண்டியவன் அண்ணன். "சொன்னான்" என்பதை நீக்கி "ஒப்புக்கொண்டான்" என்று வைத்தாலோ, மற்றச் சொற்கள் நின்றபடி நிற்க, அந்தப் பொறுப்பு தம்பியைச் சேர்ந்துவிடுகிறது. 'இருக்க' என்னும் வினையெச்சத்துக்கு எழுவாய் இரண்டிலும் வெளிப்படவில்லை. ஆயினும் கேட்பவர் எவரும் தடுமாறுவதில்லை.

காதில் விழாத ஒன்றை ஆராய்வது எப்படி? வாக்கியத்தில் ஒரே ஓர் அம்சத்தை மாற்றி, தாய்மொழியாளர் அதை ஏற்கிறாரா, மறுக்கிறாரா என்று பரீட்சிப்பதே வழி. மறுக்கப்பட்டதற்கு முன்னே உடுக்குறி இடுவது மரபு. "ஒருவருக்கொருவர் உதவ இதுவே தருணம்" என்பதில் மனிதர் எவரும் குறிக்கப்படவில்லை. ஆனால் 'ஒருவருக்கொருவர்' என்பதோ இருவரேனும் இன்றிப் பொருள்படாது. ஆகவே பன்மையான எழுவாய் ஒன்று அங்கே மறைந்து நிற்பதாகக் கொள்ள நியாயம் உண்டு. மேலும், "மழை பெய்யக் கண்மாய் பெருகியது" என்பதில் 'பெய்ய' தன் எழுவாயை வெளிப்படையாகவே ஏற்கிறது. "தம்பி மழை பெய்ய நினைத்தான்" என்றாலோ கரிசற்காட்டுக் குழந்தையும் ஒப்பாது. நினைத்தவனே செய்பவனாகவும் இருக்க வேண்டும் என்பது அவ்வினையின் நியதி.

1960-களில் அமெரிக்க மொழியியலார், முதன்மை வாக்கியத்தில் வந்த பெயரே மீண்டும் வருவதால் வினையெச்சத்தின் எழுவாய் நீக்கப்படுகிறது என்று விளக்கினர். நோம் சாம்ஸ்கியோ 1981-இல் வெளியிட்ட நூலில், ஒலி இல்லாவிடினும் வாக்கிய அமைப்பில் தனக்கென ஸ்தானம் உடைய உறுப்பு அது என்று கொண்டு விரிவான கோட்பாடு ஒன்றை வகுத்தார். இவ்விசாரணையின் வித்து நமக்குப் புதிதன்று. 'செய்து', 'செய்யூ', 'செய்பு' என்னும் மூவகை எச்சங்களும் முடிக்கும் வினையின் வினைமுதலையே தமக்கும் வினைமுதலாகக் கொள்ளும் என்றும், 'செய' முதலியவற்றுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்றும் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் பிரித்துக் காட்டியிருக்கிறார்.

ஆதலின் தோன்றா எழுவாயைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், பாடப்புத்தக உதாரணங்களோடு நின்றுவிடாமல், காட்டிலும் கண்மாய்க்கரையிலும் பிள்ளைகள் பேசும் வாக்கியங்களையே அவர்களிடம் கேட்டுப் பெற்று, ஒரு வினையை மாற்றினால் செய்பவன் ஏன் மாறுகிறான் என்று அவர்களையே ஆராயச் செய்வார்களாயின், இலக்கணம் மனப்பாடச் சுமையாக இராது. தாம் அறியாமலே கைக்கொண்டுள்ள நியதிகளைத் தாமே கண்டறியும் சாஸ்திரமாக அது அவர்களுக்கு விளங்கும்.