பனிக்காலத்தில் மின்கலம் பேணல்

பிரித்தானியாவிலே கோடைகாலத்தின் நீண்ட பகற்பொழுதுகளைக் கடற்கரையிலும் மலைச்சாரலிலும் கழிக்க விரும்புவோர் பலர், மோட்டார் வண்டியின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லத்தக்க சிறு வீடொன்றை வைத்திருக்கின்றனர். கரவன் எனப்படும் இவ்வீட்டுவண்டிக்கு ஆங்கே நெடிய வரலாறு உண்டு. 1885ஆம் ஆண்டிலே கோடன் ஸ்ரேபிள்ஸ் என்னும் மருத்துவர், குதிரைகள் இழுக்கும் வண்டியொன்றை உல்லாசப் பயணத்துக்கெனவே பிறிஸ்ரல் நகரிற் செய்வித்தார். 1907இல் அந்நாட்டுக் கரவன் கழகம் தோன்றியது. ஒக்ரோபர் முடிவில் இவ்வண்டியை மூடி நிறுத்திவிட்டு, மார்ச்சு முடிவில் மீண்டும் திறப்பது பலரது வழக்கம். இடைப்பட்ட ஐந்து மாதமும் அதனுள்ளே கவனிப்பாரின்றிக் கிடப்பது விளக்குக்கும் நீர்ப்பம்பிக்கும் மின் அளிக்கும் 12 உவோற்று மின்கலம். அது பழுதுறும் காரணத்தையும் அதனைக் காக்கும் வழியையும் ஈண்டு விளக்குவாம்.

இம்மின்கலம், நம் மாணவர் ஆய்வுகூடத்திற் கற்கும் ஈயச் சேமிப்புக்கலமேயாம். இதனை 1859இல் ஆக்கியவர் கஸ்ரன் பிளாந்தே என்னும் பிரெஞ்சு அறிஞர். ஏறத்தாழ 2 உவோற்று அழுத்தமுள்ள ஆறு கலங்கள் தொடராக இணைந்தே 12 உவோற்றைத் தருகின்றன. நேர்த்தகட்டில் ஈயவீரொட்சைட்டும், எதிர்த்தகட்டிற் கடற்பஞ்சு போன்ற ஈயமும், இடையே ஐதான சல்பூரிக்கமிலமும் உள. மின்னிறக்கத்தின்போது இரு தகடுகளிலும் ஈயசல்பேற்று உண்டாகின்றது. அமிலம் செலவாகி நீர் தோன்றுகின்றது. மின்னேற்றத்தின்போது இவ்வினை எதிர்த்திசையில் நிகழ்கின்றது. மேல்வருவன யாவும் இவ்வொரு வினையினின்றே பெறப்படும்.

முதலாவது தீங்கு தகடுகளுக்கு நேர்வது. புதிதாக உண்டான ஈயசல்பேற்று நுண்ணிய பளிங்குகளாக இருத்தலின் எளிதில் மீளும். பல வாரங்கள் மின்னேற்றாது விடின், அப்பளிங்குகள் பருத்து இறுகி, மின்னோட்டத்துக்கு இணங்காதனவாகின்றன. அந்நிலையுற்ற மின்கலம் பின்னர் எத்துணை நேரம் மின்னேற்றினும் முன்னைய கொள்ளளவை அடையாது.

இரண்டாவது தீங்கு உறைதல். நிறைந்த மின்கலத்தின் அமிலம் செறிவுடையது. அது −50 பாகை செல்சியசிலும் உறையாது. வெறுமையான மின்கலத்திலோ பெரும்பாலும் நீரே எஞ்சுவதால், −8 பாகை அளவிலேயே அது உறையத் தொடங்கலாம். உறையும் நீர் விரியும், தகடுகள் வளையும், பெட்டி வெடித்து அமிலம் ஒழுகும். ஆகவே குளிர் தானே மின்கலத்தைக் கொல்வதில்லை. குளிரும் வெறுமையும் சேர்ந்தே கொல்கின்றன. உறைந்த மின்கலத்தை ஒருபோதும் மின்னேற்றலாகாது.

இனி, பயன்படுத்தாத மின்கலம் ஏன் வெறுமையாகின்றது? தானாகவே நிகழும் இறக்கம் ஒரு காரணம். இது வெப்பத்தில் விரைந்தும் குளிரில் மெதுவாகவும் நிகழும். எனவே நம் நாட்டிற் கிடக்கும் மின்கலம் அந்நாட்டிற் கிடப்பதிலும் விரைவில் இறங்கும். மற்றைய காரணம் திருட்டை அறிவிக்கும் எச்சரிக்கைக் கருவி. அது 20 மில்லியம்பியர் மட்டுமே கொள்வதாக வைப்போம். ஒரு நாளைக்கு 0.48 அம்பியர் மணி; 150 நாளைக்கு 72 அம்பியர் மணி. 100 அம்பியர் மணி மின்கலமொன்றின் பெரும்பகுதி இங்ஙனம் அழியும். மின்கலம் வெறுமையானால் அக்கருவியும் வாய்மூடும். காவலற்ற வண்டி கள்வர்க்கு எளிதாகும்.

ஆதலின், நிறுத்துமுன் மின்கலத்தை முற்றாக மின்னேற்றுக. சில மணி நேரம் ஆறவிட்டு உவோற்றுமானியால் அளந்தால், 12.7 உவோற்று நிறைவையும், 12.4 ஏறத்தாழ முக்காற் பங்கையும், 12.2 அரைப்பங்கையும் குறிக்கும். 12.4இற்குக் கீழே இறங்கவிடாது மீண்டும் மின்னேற்றல் நன்று. மூடி திறக்கத்தக்க கலமாயின், மின்னேற்றிய பின்னர் குறையும் நீரைக் காய்ச்சிவடித்த நீராலேயே நிரப்புக.

வீட்டருகே வண்டியை நிறுத்துவோர், தானே அழுத்தத்தை அளந்து அடங்கும் மின்னேற்றியை இணைத்து வைக்கலாம். அது நிறைவெய்தியதும் ஏறத்தாழ 13.6 உவோற்றுக்குத் தணிந்து, இறங்குமளவை மட்டும் ஈடுசெய்யும். அங்ஙனம் அடங்காத பழைய மின்னேற்றியை மாதக்கணக்கில் விட்டுவைப்பின், நீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிந்து போகும், தகடும் அரிக்கப்படும். வளியில் நான்கு சதவீத ஐதரசன் சேரினும் அது தீப்பற்றத்தக்கது. ஆகவே மின்னேற்றும் இடத்திற் காற்றோட்டம் இருத்தல் வேண்டும்.

மின்வசதியற்ற இடத்தில் நிறுத்துவோர் மின்கலத்தைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுசென்று, குளிர்ந்த உலர்ந்த அறையில் வைத்து, மாதமொருமுறை மின்னேற்றலாம். கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், பூட்டும்போது அதனை இறுதியிலும் கையாளுக. கழற்றினால் எச்சரிக்கைக் கருவி இயங்குமா என்பதை முன்னரே ஆராய்தல் அவசியம்.

கூரையிற் சூரியப்பலகை பொருத்துவதும் ஒரு வழி. ஆயினும் திசம்பர் 21ஆம் நாளில் இலண்டனில் பகல் எட்டு மணிக்குச் சற்றுக் குறைவு. நண்பகற் சூரியனும் அடிவானிலிருந்து 15 பாகை உயரமே எழும். கிடையாகக் கிடக்கும் பலகை, நேர்நின்று பெறக்கூடிய நேரொளியிற் காற்பங்கையே பெறும். எனவே சிறு பலகை நிறைந்த மின்கலத்தை நிலைநிறுத்த உதவலாம். வெறுமையானதை நிரப்பும் என நம்பலாகாது.

இக்காலத்துப் புதிய இலிதியம் இரும்புப் பொசுபேற்று மின்கலத்துக்கு விதி வேறு. அதனை 0 பாகைக்குக் கீழே மின்னேற்றுவது கேடு. நெடுநாள் வைப்பதற்கும் முழுநிறைவிலும் அரைநிறைவே ஏற்றது. எனவே வண்டியிலுள்ளது எவ்வகை என அறிந்தே செயற்படுக.

கடல்கடந்து குளிர்நாடுகளில் வாழும் நம் பழைய மாணவர்க்கு இவை நேரே பயன்படும். இங்கு கற்கும் மாணவர்க்கோ, கரும்பலகையில் எழுதும் ஒரு சமன்பாடு எத்துணைச் செய்திகளைத் தன்னுள் அடக்கியுள்ளது என்பதைக் காட்டும். மாதமொருமுறை உவோற்றுமானியை எடுத்து அளக்கும் சிறு முயற்சியே மின்கலத்தின் ஆயுளைப் பல ஆண்டுகள் நீட்டும்.