பழைய வேலியை எரிக்கலாமா?

ஸ்கூடாயில் எங்கள் வீட்டு மரவேலி இற்றுச் சாய்ந்துவிட்டது. “போகிக்குக் கொளுத்திவிட்டால் வேலை முடிந்தது” என்றார் மாமா. நான் சம்மதிக்கவில்லை.

நம் வீட்டு வளாகமே ஆனாலும், திறந்தவெளியில் குப்பை எரிப்பது 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவின்படி குற்றம். 2024 திருத்தத்துக்குப் பின் அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை. சிறை 5 ஆண்டு வரை.

சட்டத்தைவிட எனக்குப் பயம், மரத்துக்குள் இருப்பதுதான். கறையான் அண்டாமலிருக்க வேலி மரங்களில் செம்பு, குரோமியம், ஆர்செனிக் கலந்த மருந்து ஏற்றுவது நெடுநாள் வழக்கம். எரித்தால் ஆர்செனிக்கில் ஒரு பகுதி புகையோடு பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூச்சில் கலக்கும். மிச்சம் சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலைக் கறிவேப்பிலைச் செடிக்குப் போடவே கூடாது. மரம் வெளுத்துப்போனால் மருந்தும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. பழைய சாயத்தில் ஈயமும் இருக்கலாம்.

பிறகு என்ன செய்வது? ஆணிகளைப் பிடுங்குங்கள். முகக்கவசம் அணிந்து பலகைகளைச் சிறிதாக அறுத்து, கட்டாகக் கட்டுங்கள். ஜொகூரில் வாரத்தில் ஒருநாள் பெரிய பொருள்களையும் தோட்டக் கழிவையும் எடுக்கிறார்கள். உங்கள் தாமானுக்கு எந்த நாள், பலகைகளை எடுப்பார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். வேலி முழுவதையும் கழற்றுவதானால் ரோரோ தொட்டியை வாடகைக்கு எடுப்பதே சுலபம்.