உயிர் மீண்டது, மனிதர் மீண்டாரா?

விபத்தில் தலையில் அடிபட்டவர், பல நாள் நினைவிழந்து கிடந்து, பின்னர் கண் விழிக்கிறார். இறைவனுக்கு நன்றி கூறி இல்லத்தார் அவரை வீட்டுக்கு அழைத்து வருகின்றனர். பார்க்க வந்தவர்கள், "முகத்தில் ஒரு மாற்றமும் இல்லையே!" என்று மகிழ்ந்து செல்கின்றனர். வந்திருப்பவர் பழைய மனிதர் அல்லர் என்பது அவருடைய மனைவிக்கு மட்டுமே தெரியும்.

சாந்தமானவர் சிறு ஓசைக்கும் சீறுகிறார். காலையில் சொன்னது நண்பகலில் நினைவில்லை. குளிக்க வேண்டும் என்பதை அறிவார். எழுந்து செல்லத்தான் இயலாது. இதனைச் சோம்பல் என்றும் திமிர் என்றும் உறவினர் பேசுவது பெருங்கொடுமை. ஒரு செயலைத் தொடங்கவும் சினத்தை அடக்கவும் துணை நிற்பது, நெற்றிக்குப் பின்னேயுள்ள மூளையின் முன்பகுதி. அது நைந்துவிட்டால் அறிவுரையால் ஆவதென்ன?

கிளாஸ்கோ நகர மருத்துவர் இருவர் 1974இல் வகுத்த அளவுகோல் ஒன்று இன்றும் உலகெங்கும் வழங்குகிறது. கண் திறத்தல், பேச்சு, உடலசைவு ஆகிய மூன்றையும் நோக்கி, 3 முதல் 15 வரை மதிப்பெண் இடுவர். 15 பெற்றவர் விழிப்போடு, கேட்டதற்குத் தெளிவாக விடையளிக்கிறார் என்பது பொருள். ஆனால் அவர் கடைக்குச் சென்று சரியாகச் சில்லறை வாங்கி வருவாரா, பிள்ளையின் அழுகையைப் பொறுப்பாரா என்பதை அந்த எண் சொல்லாது.

மருத்துவமனை கைவிடும் இவ்விடத்தில் கைகொடுக்கவே, பிரிட்டனில் 1979இல் 'ஹெட்வே' என்னும் தொண்டமைப்பு தோன்றியது. நாட்டிங்ஹாம் அதன் தலைமையிடம். பல ஊர்களில் கிளைகள் உண்டு. தொலைபேசியில் ஆலோசனை கூறுகின்றனர். திடீரென வருவாய் இழந்து தவிக்கும் குடும்பங்களுக்கு அவசர உதவித் தொகையும் வழங்குகின்றனர்.

லண்டன் ஹாக்னி பகுதியிலுள்ள அதன் பகல்நேர நிலையத்தில், வருவோரை 'நோயாளி' என்று அழைப்பதில்லை, 'உறுப்பினர்' என்பர். அங்குள்ள ஓவியக்கூடத்தில் உறுப்பினர்கள் தீட்டிய படங்கள் புகழ்பெற்ற பார்பிகன் கலை மையத்திலேயே காட்சிக்கு வைக்கப்பட்டன. எனினும் நம்மை அதிகம் கவர்வது அவர்களின் சமையலறைதான். உலை வைத்து, அரிசி களைந்து, உப்பிட்டு, அடுப்பை அணைப்பது வரை எத்தனை நினைவுகள் வரிசையாக வேண்டும் என்பதை நம் வாசகியருக்கு விளக்க வேண்டியதில்லை! சிதறிய அவ்வரிசையை, பலருக்குமான பகலுணவைச் சேர்ந்து சமைத்தே மீண்டும் கோத்தெடுக்கின்றனர்.

வீதியில் நேரும் இழிவு வேறு. நா குழறி, நடை தள்ளாடும் இவர்களைக் குடிபோதையில் இருப்பதாகக் காவலர்கள் எண்ணிவிடுவதுண்டு. மதுவை ஒருநாளும் தீண்டியறியாத ஒருவர் நடுத்தெருவில் அப்பழியைச் சுமப்பதை எண்ணிப் பாருங்கள்! இதற்காகவே 2017இல் ஓர் அடையாள அட்டை அறிமுகமாயிற்று. உரியவரின் படத்தோடு, அவருக்குள்ள இடர்ப்பாடுகளும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். விளக்கிச் சொல்ல நா எழாதபோது அதனை எடுத்துக் காட்டினால் போதும்.

இத்தகைய நிலையங்கள் நன்கொடையையும் உள்ளாட்சி மன்றங்கள் தரும் பணத்தையும் நம்பியே நடக்கின்றன. நிதி குறையுமாயின் முதலில் குறைவது உறுப்பினர் வரும் நாட்களே. கணவர் நிலையத்திற்குச் செல்லும் பகற்பொழுதில்தான், இரவெல்லாம் விழித்த மனைவி சற்றே கண்ணயர்கிறார்.