பாசிமணிக்காரர் பாஷை

மயிலம் மலைமேல் கோயில் கொண்டிருக்கும் முருகப் பெருமானுக்குப் பங்குனி உத்திரம் பெருந் திருநாள். இத்தகைய திருவிழாக் கூட்டங்களில் பாசிமணியும் ஊசியும் விற்கும் நரிக்குறவர்களை நேயர்கள் கண்டிருப்பார்கள். நம்மிடம் தமிழில் விலை பேசும் அவர்கள், தமக்குள் பேசிக்கொள்வது என்ன பாஷை? குறவர் என்ற பெயரைக் கொண்டு இவர்களைக் குறமகள் வள்ளியின் குலத்தார் என்று எண்ணுவோர் உண்டு. அவர்களுடைய பாஷையோ வேறு சரித்திரம் சொல்லுகிறது.

அதற்கு 'வாக்ரி போலி' என்று பெயர். 'வாக்ரி' என்பது அந்த ஜனங்கள் தங்களைக் குறிக்க வழங்கும் பெயர். 'போலி' என்றால் வடநாட்டில் பேச்சு என்று பொருள். தமிழ்க் காதுக்கு அது வேறு விதமாகக் கேட்பது அச்சொல்லின் குற்றமன்று. குஜராத்தி, மராத்தி, ராஜஸ்தானி முதலியவற்றுடன் உறவுடைய பாஷை அது. பல தலைமுறைகளுக்கு முன் தெற்கே வந்தவர்கள், தனி லிபியின் துணையின்றியே அதைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். ஜி. ஸ்ரீனிவாச வர்மா இதனை ஆராய்ந்து எழுதிய நூலை அண்ணாமலைப் பல்கலைக் கழகம் 1970-ல் வெளியிட்டது.

இவ்வளவு காலம் அப்பாஷையைக் காத்தது நாடோடி வாழ்க்கையே. ஊர் ஊராய்ச் சென்றாலும் அவர்கள் கூட்டமாகவே சென்றார்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டைத் தொழில் ஒடுங்கிற்று. மணி கோத்து விற்பது முக்கிய ஜீவனமாயிற்று. 2023 ஜனவரியில் பழங்குடியினர் பட்டியலில் அவர்களுக்கு இடம் கிடைத்தது. படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் வழி திறந்த அந்த நியாயம் மிகவும் தாமதித்து வந்ததாகும். ஆயினும் இங்கேதான் ஒரு சங்கடம். பள்ளிக்கூடம் வரும் குழந்தை தன் பாஷையை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வர நேருகிறது.

சிறுபான்மை மொழியினரின் குழந்தைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி தேட வேண்டுமென்று, 1956-ல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 350-ஏ பிரிவு கூறுகிறது. லிபியில்லாத பாஷைக்கு அது எளிய காரியமன்று. ஆனால் அக்குழந்தை தன் பாஷையில் ஒரு கதை சொல்லவும், மற்றக் குழந்தைகள் கேட்கவும் சட்டம் வேண்டியதில்லை. உபாத்தியாயரின் மனம் இருந்தால் போதும்.

2010-ல் அந்தமானில் போவா சீனியர் என்ற மூதாட்டி காலமானார். 'போ' என்னும் பாஷையைப் பேச அவருக்குப் பின் ஒருவருமில்லை. வாக்ரி போலிக்கு அந்தக் கதி வரவில்லை. இன்றும் குழந்தைகள் அதைப் பேசுகிறார்கள். அவர்கள் அதைப் பேச வெட்கப்படும்படி செய்யாமலிருப்பது நம் கடமை. தாய்மொழியின் அருமையைத் தமிழருக்குப் பிறர் எடுத்துச் சொல்ல வேண்டுமா?