ரிசல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே

ராணுவப் பயிற்சியில் ஒரு பையன் சுருண்டு விழுந்தான் என்று செய்தி வந்தால், முகாமில் என்ன நடந்தது என்றுதான் எல்லோரும் கேட்கிறோம். அதற்கு முந்தைய மாதங்களில் ஊரில் அவன் எப்படித் தயாரானான் என்று யாரும் கேட்பதில்லை. நெம்மேலி முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள கடலோரக் கிராமங்களில் சீருடைக் கனவு காணும் பிள்ளைகளுக்கு உண்மையான ஆபத்து அந்த மாதங்களில்தான் இருக்கிறது. ராணுவத்தின் அக்னிவீர் தேர்வில் 2023 முதல் எழுத்துத் தேர்வு முன்னாலும் ஓட்டம் பின்னாலும் வந்துவிட்டன. “முதல்ல ரிசல்ட் வரட்டும், அப்புறம் கிரவுண்டைப் பார்த்துக்கலாம்” என்ற எண்ணம் அதனால் இயல்பாகவே வந்துவிடுகிறது. 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் ஓடினால் 60 மதிப்பெண். அதற்குமேல் ஒரு நொடி கூடினாலும் 48தான். அந்தப் பன்னிரண்டு மதிப்பெண்ணுக்காக ஆறு மாத உழைப்பைச் சில வாரங்களில் திணிக்கிறார்கள். என் கவலையெல்லாம் இந்தச் சில வாரங்களைப் பற்றித்தான்.

ஓடத் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே மூச்சு பழகிவிடும், தசையும் தேறிவிடும். எலும்பு அப்படித் தேறுவதில்லை. புதிய சுமை ஏறும்போது உடல் முதலில் பழைய எலும்பை அரித்தெடுத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டுகிறது. கட்டி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். வேகம் வந்துவிட்டது என்று பையன் பூரிக்கும் மூன்றாவது, நான்காவது வாரத்தில் அவன் கணைக்கால் எலும்பு முன்பைவிட வலுவிழந்திருக்கக்கூடும். விரலால் தடவிக்கொண்டே போனால் ஒரே ஒரு இடத்தில் மட்டும் சுரீர் என்கிறதா, அது மயிரிழை விரிசலாக இருக்கலாம். பலரும் தைலம் தேய்த்து, துணியைச் சுற்றிக்கொண்டு மறுநாளும் ஓடுகிறார்கள். அந்தக் காலோடு பூட்ஸும் முதுகுச் சுமையுமாக அணிவகுக்கும்போது விரிசல் முறிவாகிறது. ஆஸ்திரேலிய ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 பேரை வைத்து நடந்த ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் வெளியானது. அதில், ஓடுமுன் தசைகளை நீட்டிப் பயிற்சி செய்தது காயங்களைக் குறைக்கவில்லை. சேரும்போது உடல் எவ்வளவு தேறியிருந்தது என்பதுதான் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியது. கடற்கரை மணலில் ஓடினால் போதும் என்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கெட்டித் தரையைவிட மணலில் ஓட ஒன்றரை மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். படிப்படியாகப் பழகியவனுக்கு அது வரம், அவசரக்காரனுக்குக் குதிகால் காயம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருட்டோடு ஓடினாலோ வாகனங்களுக்கு நடுவே உயிரைப் பணயம் வைக்க வேண்டும்.

எலும்பு முறிந்தால் ஆறும். வெப்பவாதம் உயிரையே எடுத்துவிடும். நம் கடற்கரையில் வெயிலைவிடப் புழுக்கம்தான் பொல்லாதது, வியர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? அமெரிக்காவின் பாரிஸ் ஐலண்ட் மரைன் படைப் பயிற்சித் தளமும் இதே மாதிரிப் புழுக்கமான கடலோரம். அங்கே வெப்பத்தில் விழுந்தவர்கள் ஏராளம் என்பதால் 1950களில் ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். ஈரத்துணி சுற்றிய வெப்பமானிக்கு 70 பங்கு, கறுப்பு உருண்டைக்குள் வைத்ததற்கு 20, சாதாரண வெப்பமானிக்கு 10. இந்தக் கூட்டுக் கணக்கு 32 டிகிரியைத் தாண்டினால் கறுப்புக் கொடி ஏறும், கடும் பயிற்சி நிற்கும். அக்னி நட்சத்திர நாட்களில் இந்த அளவு நமக்கு அரிதல்ல. 2024இல் ஜார்க்கண்டில் கலால் காவலர் தேர்வுக்கு ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர் ஓட வந்தவர்களில் பத்துப் பேருக்கும் மேல் இறந்தார்கள். வெப்பத்துக்கு உடம்பு பழக, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இரண்டு வாரமாவது வேண்டும். காய்ச்சலை மறைத்துக்கொண்டு ஓடுகிறவனுக்கு அந்தப் பழக்கமும் கைகொடுக்காது.

ஓடிக்கொண்டிருப்பவன் தள்ளாடினாலோ உளறினாலோ, வியர்வை கொட்டினாலும் சரி, அது வெப்பவாதம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 108க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் அங்கேயே உடம்பைக் குளிர்விக்க வேண்டும். முதல் அரை மணி நேரம்தான் உயிரைத் தீர்மானிக்கிறது. அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மீனவக் குப்பங்களில் மீனுக்குப் போடும் ஐஸ் இருக்கிறது, தார்ப்பாயும் இருக்கிறது. பையனைத் தார்ப்பாயில் கிடத்தி, தலை வெளியே இருக்கும்படி நாலு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, ஐஸும் தண்ணீருமாகக் கொட்டிக் கலக்கினால் போதும். நினைவில்லாதவன் வாயில் மட்டும் தண்ணீர் ஊற்றக் கூடாது.

கஷ்டப்படாமல் சிப்பாய் ஆக முடியுமா என்று சிலர் கேட்பார்கள். கறுப்புக் கொடி ஏற்றிய பாரிஸ் ஐலண்ட் மென்மையான பயிற்சிக்குப் பேர்போன இடமல்ல. கஷ்டம் அப்படியே இருக்கட்டும், அது படிப்படியாக ஏறட்டும் என்பதுதான் என் வாதம். பிறவி இதயக் கோளாறை யார் தடுப்பது என்று கேட்பதும் நியாயமே. அமெரிக்கப் படைகளில் 25 ஆண்டுகளில் விபத்தல்லாமல் திடீரென இறந்த 126 புதியவர்களில் பாதிப் பேருக்கு இதயத்தில் கோளாறு இருந்தது. ஆனால் அந்த மரணங்களில் 86 விழுக்காடு உடற்பயிற்சியோடு தொடர்புடையவை. ஓடும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தவனை இதயப் பரிசோதனைக்கு அனுப்பாமல் மறுபடி ஓடவிடக் கூடாது என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

எழுத்துத் தேர்வுக்குப் பாடத்திட்டம் உண்டு, மாதிரி வினாத்தாள் உண்டு. ஓட்டத்துக்கு நேரக் கணக்கு மட்டும்தான் உண்டு. முதல் வாரம் எவ்வளவு, பன்னிரண்டாவது வாரம் எவ்வளவு, எந்த வலிக்கு நிறுத்த வேண்டும், எந்த நாளில் ஓடவே கூடாது என்று தமிழில் ஒரே ஒரு பக்கம் போதும். அதை ரிசல்ட்டோடு கொடுத்தால் காலம் கடந்துவிடும். விண்ணப்பம் போடும் அன்றே பையன் கையில் கொடுத்தாக வேண்டும்.