அமாவாசையிலும் வழி தெரியும்

சங்கரன்கோவில் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “நிலா வெளிச்சத்தைப் பார்த்துத்தான் ஆமைக்குஞ்சுகள் கடலுக்குப் போகின்றன என்கிறார்கள். அமாவாசையன்று பொரித்தால் என்ன செய்யும்?” கடலே இல்லாத ஊரிலிருந்து வந்த கேள்வி. நிலாக் கதையை ஆண்டுதோறும் அச்சிடுகிறவர்களுக்கு இது தோன்றவில்லை.

நிலாவுக்கும் இதற்கும் பெரிய சம்பந்தமில்லை. ஆலிவ் ரிட்லி என்கிற பங்குனி ஆமை நம் கரையில் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை முட்டையிடும். குழிக்குச் சுமார் 100 முட்டை. ஏறக்குறைய 7 வாரம் கழித்து, மேல்மணல் குளிர்ந்த இரவில் குஞ்சுகள் மொத்தமாக வெளியே வரும். அடிவானம் எந்தப் பக்கம் தாழ்வாகவும் வெளுப்பாகவும் தெரிகிறதோ, அந்தப் பக்கம் ஓடும். இருட்டிலும் கரையைவிடக் கடல் பக்கம் சற்று வெளுப்புதான். நட்சத்திர ஒளியே போதும்.

விசேஷம் குஞ்சின் பார்வையில் இருக்கிறது. ரத வீதியில் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு, தரையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கிற கடைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். இடவலமாகத் தெரு முழுக்கத் தெரியும். மேலே ஒன்றும் தெரியாது. குஞ்சும் அப்படித்தான், உச்சி நிலாவைக் கணக்கில் எடுக்காது. வாசலுக்கு நேர் மேலே எரியும் பல்பு கடைக்காரர் கண்ணில் படாது, தெருக்கோடி டியூப்லைட் படும். அதனால்தான் குஞ்சு ஊர்ப்பக்கம் திரும்பாமலிருக்க, கடற்கரையில் இருக்கிற விளக்கை மட்டும் அணைத்தால் போதாது. தள்ளியிருக்கும் சாலை, விடுதி, ஊரின் மேல் கவிந்த வெளிச்சம் எல்லாமே அந்த இடுக்குக்குள் வந்துவிடும். (விளக்குக் கம்பத்தடி மணல் பளபளப்பதை ஷட்டர் மறைக்காது. உவமை அங்கே நொண்டும்.)

உயர்ந்து நிற்கும் இருட்டைக் கண்டால் குஞ்சு விலகி ஓடும். மணல்மேடும் பனையும் முதுகுப்பக்கம் இருந்தால் நல்லது. அந்தக் கணக்கில், ஒரு ஜன்னலிலும் விளக்கு எரியாத பத்து மாடிக் கட்டடம்கூட மணல்மேடுதான்! அப்படியொரு குடியிருப்பை யார் கட்டுகிறார்கள்? போதாக்குறைக்கு மஞ்சள் சோடியம் விளக்குகள் போய் வெள்ளை எல்இடி வந்துவிட்டது. கரண்ட் பில்லுக்கு நல்லது. நீலம் கலந்த ஒளியை அதிகம் நாடும் குஞ்சுக்குக் கெடுதல்.

வரலாறு சுருக்கமாக: சென்னையில் 1970களிலேயே ஆமைக் குழிகளைத் தேடிக் கரையில் இரவு நடை தொடங்கிவிட்டது. 1988 முதல் கடலாமைப் பாதுகாப்பு மாணவர் அமைப்பு அதைத் தொடர்கிறது. முட்டைகளை எடுத்து வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. கரைக்கும் ஒரு வரலாறு உண்டு: துறைமுகம் வந்தபின் மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே ராயபுரம் பக்கம் அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிய கரையில் ஆமை குழி தோண்ட முடியாது.

விளக்கணைப்பைச் சர்வரோக நிவாரணியாகப் பேசுகிறவர்களுக்கு ஒன்று. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியவை வளர்ந்த ஆமைகள். இழுவைமடி வலையில் சிக்கினால், மூச்செடுக்க மேலே வர முடியாமல் சாகும். அதற்கு மடியில் ஆமை வெளியேறும் வழி வைக்க வேண்டும். தெருவிளக்கு அங்கே உதவாது.