மணியடித்த பின்னும் முடியாத வேலை

"டீச்சர்மாருக்கு என்ன, ஒன்றரை மணிக்கே வீட்டுக்குப் போய்விடலாம்" என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஓர் ஆசிரியையின் மகள் என்பதால் ஒன்றரை மணிக்குப் பிறகு நடப்பதும் எனக்குத் தெரியும்.

என் உம்மா ஐந்து வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கிறார். வகுப்புக்கு 40 பேர் என்றால் 200 கொப்பிகள். ஒரு கொப்பிக்கு 3 நிமிடங்கள் என்று வைத்தாலும், ஒரு தடவை திருத்தி முடிக்க 10 மணித்தியாலங்கள் தேவை. இதைவிடப் பாடக்குறிப்பு, கணிப்பீட்டுப் புள்ளிகள், வரவுப் பதிவேடு, விளையாட்டுப் போட்டி, லீவில் நிற்கும் ஆசிரியையின் பாடவேளை என்று பட்டியல் நீளும். கொரோனாக் காலத்தில் தொடங்கிய வட்ஸ்அப் குழு இன்றும் இரவு பத்து மணிக்குப் பெற்றோரின் கேள்விகளைக் கொண்டுவருகிறது.

களைப்பு வேறு, பணிச்சோர்வு வேறு. களைப்பு ஒரு நல்ல தூக்கத்தில் தீர்ந்துவிடும். பணிச்சோர்வு என்பது நீண்டகாலம் சரிவரக் கையாளப்படாத வேலை அழுத்தத்தின் விளைவு என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் விளக்கியது. அதன் அடையாளங்கள் மூன்று: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், செய்வதில் பயனில்லை என்ற உணர்வு. இதை ஒரு நோயாக அந்நிறுவனம் வகைப்படுத்தவில்லை. வேலையோடு தொடர்புடைய நிலைமை என்றே சொல்கிறது. எனவே சோர்ந்துபோன ஆசிரியையைக் குறை சொல்வதற்கு முன், அவர் மீது சுமத்தப்பட்ட வேலையைப் பார்க்க வேண்டும்.

வயது கூடும்போது இன்னோர் அழுத்தமும் சேர்கிறது. "இன்னும் பென்சன் எடுக்கல்லையா டீச்சர்?" என்ற கேள்வி ஓய்வறையிலும் கலியாண வீட்டிலும் எழுகிறது. சட்டமும் ஓரிடத்தில் நிற்கவில்லை. அரச ஊழியரின் ஓய்வு வயதை 2022ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் 65 ஆக உயர்த்தியது. அதே ஆண்டு ஓகஸ்டில் வந்த இடைக்கால வரவு செலவுத் திட்டம் அதை 60 ஆகக் குறைத்தது. 60ஐக் கடந்தோர் டிசம்பர் 31உடன் ஓய்வுபெற வேண்டியதாயிற்று. இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன என்று திட்டமிட்டவர்களுக்குச் சில மாதங்களே மிஞ்சின.

வேலைக்காகக் காத்திருக்கும் இளம் பட்டதாரிகளுக்கும் இடம் வேண்டும் என்பது நியாயமே. ஆனால் பின்னங்களில் பிள்ளைகள் எங்கே தடுமாறுவார்கள் என்பதை முப்பது வருட அனுபவம் அறியும். அது எந்தக் கோப்பிலும் எழுதப்பட்டிருக்காது. ஓய்வுபெறுபவரும் புதியவரும் ஒரு தவணையாவது சேர்ந்து கற்பித்தால் அந்த அறிவு பாடசாலையிலேயே தங்கும்.

ஓய்வு வயதை மாற்றவோ ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்பவோ மாணவிகளாகிய நம்மால் முடியாது. ஆனால் கொப்பிகளை உரிய நாளில் சேர்த்துக் கொடுக்கலாம். இரவில் கேட்கும் சந்தேகத்தைக் காலையில் கேட்கலாம். வயதான ஆசிரியையிடம் எப்போது ஓய்வு என்று கேட்பதற்குப் பதிலாக, ஒரு கணக்கைக் கொண்டுபோய் விளக்கம் கேட்கலாம்.